பசி வாரக் கணக்கில் வருவதில்லை

பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்க்கலாம். மணி அடித்ததும் கையில் இருக்கும் பீஸை முடித்துவிட்டு எழுந்திருக்க ஒரு நிமிடம். நூறு பேர் ஒரே படிக்கட்டில் இறங்கக் குறைந்தது இரண்டு நிமிடம். குழாயடியில் கை கழுவ வரிசை. பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, உட்கார ஓர் இடம் பிடித்து, மூடியைத் திறக்கும்போது எட்டு நிமிடமாவது ஓடியிருக்கும். சாப்பிட்டு முடித்த பிறகும் இதே கணக்குதான். பாக்ஸைக் கழுவ வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும், அங்கேயும் வரிசையில் நிற்க வேண்டும், இரண்டாவது மணி அடிப்பதற்குள் படியேறி மெஷினில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டிக் கழித்தால் சோற்றுக்கென்று மிஞ்சுவது பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் சாப்பிட முடியாதா என்றால் முடியும். தினமும் எத்தனையோ பேர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் ருசி தெரிவதற்குள் பாக்ஸ் காலியாகிவிடுகிறது. போதும் என்று வயிறு சொல்வதற்குள் மணி அடித்துவிடுகிறது.

அளவோடு சாப்பிடுங்கள், நிதானமாக மென்று சாப்பிடுங்கள், வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே சமநிலை வையுங்கள் என்று நமக்கு அறிவுரை சொல்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் சொல்வதில் தவறும் இல்லை. ஆனால் சமநிலை என்பது ஒருவர் தன் மனக்கட்டுப்பாட்டால் அடையும் நல்ல குணம் என்பது போலவே எல்லா அறிவுரையும் அமைந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழ வேண்டியவரிடம் நிதானமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வதால் என்ன பயன்? அளவும் இன்பமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இன்பத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் அளவு வரும் என்பது பத்தியக்காரர்களின் கணக்கு. உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்று, அது நேரம். நேரம் இருந்தால் இரண்டும் சேர்ந்து வரும். அது பறிபோனால் இரண்டும் சேர்ந்தே போகும். நம்மில் பெரும்பாலானவர்களின் நேரம் நம் கையில் இல்லை, அதை வேறு யாரோ வகுக்கிறார்கள். ஆகவே நன்றாகச் சாப்பிட்டு நன்றாக வாழ்வதைப் பற்றிய பேச்சு, மருத்துவக் குறிப்புகளோடு நின்றுவிடாமல் வேலை நேரச் சட்டத்துக்கும் வீட்டு அடுக்களைக்கும் போயாக வேண்டும்.

அளவும் இன்பமும் ஒன்றாக நிற்பவை என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் பத்துக் குறள்களில் ஆறு சாப்பாட்டைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, அளவறிந்து உண்பவனிடம் இன்பம் நிலைக்கும் என்கிறார் வள்ளுவர். நோய் வராது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மருத்துவம் பேசும் இடத்தில் இன்பத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற பழமொழியும் எதைத் தின்பது என்று சொல்லவில்லை, எப்படித் தின்பது என்றுதான் சொல்கிறது. நம் சாப்பாட்டின் அமைப்பே நேரத்தை எதிர்பார்த்து உண்டானது. குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. இடையிடையே பொரியல், கூட்டு, அப்பளம். ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டுமா, போதுமா என்று வயிற்றைக் கேட்டுக்கொள்ள ஓர் இடைவெளி கிடைக்கும். பாக்ஸ் சாப்பாட்டில் அந்த வரிசை கலைந்துபோனது. புளிச் சோறு, எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு எனக் கலந்த சாதம் ஒன்று, ஓரத்தில் ஊறுகாயோ இரண்டு சிப்ஸோ. இதை அடைப்பவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கெடாமல் இருக்க வேண்டும், கொட்டாமல் இருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் தீர வேண்டும் என்ற மூன்று நிபந்தனைக்கும் ஈடுகொடுப்பது அதுதான். காயும் கீரையும் பருப்பும் தட்டிலிருந்து நழுவியது ருசி மாறியதால் மட்டும் நடந்ததல்ல. இடைவேளையின் நீளமும் நம் உணவை மாற்றியிருக்கிறது.

அவசரம் அளவைக் கெடுக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய சக ஆய்வாளர்களும் பாரிஸ் நகரத்தையும் அமெரிக்காவின் பிலடெல்பியாவையும் ஒப்பிட்டு 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொழுப்பும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்க்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஏன் அமெரிக்கர்களைவிட ஒல்லியாக இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பாரிஸில் பரிமாறும் அளவு சிறியதாக இருந்தது. அதைவிட யோசிக்க வைப்பது இன்னொன்று. இரண்டு ஊரிலும் மெக்டொனால்ட்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கவனித்தபோது, பிலடெல்பியாவில் சராசரியாகச் சுமார் 14 நிமிடத்தில் எழுந்தார்கள். பாரிஸில் சுமார் 22 நிமிடம் உட்கார்ந்தார்கள். குறைவான உணவு, கூடுதல் நேரம். அடுத்து, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்தி 2019-ல் வெளியிட்ட சோதனை. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சமையலறையில் சமைத்த உணவும் கொடுத்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஈடாகவே இருந்தன; வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். அந்த நாட்களில் சாப்பிட்ட வேகமும் கூடுதலாக இருந்தது. வேகம் ஒன்றே காரணம் என்று ஹால் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் மென்மையாக, வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் உணவு, நிறைந்தது என்ற சேதி குடலிலிருந்து மூளைக்குப் போவதற்குள் வயிற்றை நிரப்பிவிடக்கூடும்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு சொன்னது. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு அது. நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கும் மேல். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025-ல் வந்த கட்டுரை, நாம் தினமும் உண்ணும் ஆற்றலில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று காட்டியது. மரபு, உடலுழைப்புக் குறைவு, தூக்கக் கேடு, வறுமை என்று இதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் கலந்த சாத பாக்ஸையும் இந்த 62 சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நேரத்தின் பங்கு நேரடியாகத் தெரியும் இடமும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ததால் வந்த பக்கவாதத்தாலும் மாரடைப்பு போன்ற இதய நோயாலும் 2016-ல் மட்டும் 7.45 லட்சம் பேர் இறந்தார்கள். வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல்.

சாப்பாட்டு நேரத்துக்காகப் போராடிய சரித்திரம் சென்னைக்கு உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர்ப் பகுதியில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று போற்றப்படுகிறது. பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது, பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். கூலி உயர்வு, மேஸ்திரிகளின் அடி உதை எனக் குறைகள் பல இருந்தன. அவற்றில் முதன்மையான ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம், அரிசி விலை ஏறிக் கிடந்த காலம். அந்த நேரத்திலும் அந்த மனிதர்கள், எங்களுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சோறு கிடைத்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இதில் நாம் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு 30 ஆண்டு கழித்து, நாடு விடுதலை பெற்ற பிறகு, 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டமும் ஐந்து மணி நேர வேலைக்கு ஒரு முறை குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்றுதான் எழுதியது. 1918-ல் போதாது என்று சொன்ன அதே அரை மணி நேரம்!

2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. நாளொன்றுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழி திறந்த திருத்தம் அது. நான்கு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே, வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தானே என்று அதற்கு நியாயம் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மே தினத்தன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மசோதா போய்விட்டது, ஆனால் அதன் பின்னாலிருந்த எண்ணம் போகவில்லை. சமநிலையை வாரக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ போடலாம் என்பதுதான் அந்த எண்ணம். வார நாட்களில் உடம்பை வருத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் ஈடுகட்டலாம்; முப்பது வயதில் ஓடி ஓடிச் சம்பாதித்துவிட்டு ஐம்பதில் ஆற அமர வாழலாம். வயிறு இந்தக் கணக்கை ஏற்பதில்லை. நல்வழியில் ஔவையார் வயிற்றோடு வழக்காடிய பாட்டைப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாளைக்குச் சோற்றை விட்டுவிடு என்றாலும் கேட்காது, இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் கேட்காது என்பதுதான் அவருடைய வருத்தம். பசி அன்றன்றைக்கு வருவது. தூக்கமும் அப்படித்தான், குழந்தை அம்மாவைத் தேடுவதும் அப்படித்தான். சனிக்கிழமை சேர்த்துக் கொஞ்சிக்கொள்கிறேன் என்று செவ்வாய்க்கிழமைக் குழந்தையிடம் சொல்ல முடியாது.

நாடு முன்னேற வேண்டுமானால் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2023-ல் சொன்னார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். இவர்கள் பேச்சைக் கோபத்தால் ஒதுக்காமல், கணக்கால் எதிர்கொள்வது நல்லது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் குண்டு தயாரிக்கும் ஆலைகளில், பெரும்பாலும் பெண்கள், மிக நீண்ட நேரம் வேலை செய்தார்கள். நாட்டின் உயிர் அந்த உற்பத்தியில் இருந்தது. சோம்பலுக்கு அங்கே இடம் கிடையாது. அந்தப் பதிவேடுகளை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்காவெல் ஆராய்ந்து 2014-ல் எழுதினார். வாரம் 50 மணி நேரத்தை ஒட்டி உற்பத்தி தளரத் தொடங்குகிறது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்தது, 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்ததைவிடப் பெரிதாகக் கூடுதல் இல்லை. அந்த 14 மணி நேரம் காற்றில் போனது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கவனம்தான் மூலதனமாக இருக்கும் வேலையில் களைப்பு இன்னும் சீக்கிரம் தவறாக மாறும் என்று எதிர்பார்ப்பதே அறிவுக்குப் பொருந்துவது.

போட்டியைப் பற்றிய கவலை இதைவிட நியாயமானது. வங்கதேசமும் வியட்நாமும் ஆர்டரைப் பிடிக்கக் காத்திருக்கும்போது, திருப்பூர் முதலாளி இடைவேளையைக் கால் மணி நேரம் நீட்டினால் விலை ஏறாதா? ஏறும். எட்டு மணி நேரத்தில் கால் மணி நேரம் என்பது நூற்றுக்கு மூன்று பங்கு. அதில் ஒரு பகுதி களைப்புக் குறைவதால் திரும்பி வரும், முழுவதும் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே இதைத் தனியொரு கம்பெனியின் நல்ல மனதுக்கு விடக் கூடாது. நல்ல மனதுக்காரர்தான் முதலில் நஷ்டப்படுவார். எல்லோருக்கும் ஒரே மணி அடித்தால் பக்கத்துக் கம்பெனியிடம் தோற்கும் பயம் யாருக்கும் இல்லை. எட்டு மணி நேர வேலையும் வார விடுமுறையும் அப்படிச் சட்டமாக வந்தவைதான். அவை வந்தபோதும் தொழில் அழிந்துவிடும் என்ற குரல்கள் எழுந்தன.

தொழிலாளியே கூடுதல் நேரத்தைக் கேட்டு வாங்குகிறாரே என்பார்கள். உண்மை. திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது அன்றாடப் பேச்சு. காலையில் ஏறி இரவுவரை பார்ப்பது. கிடைத்தால் விடக் கூடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் நான்கு மணி நேரம் அரை ஷிப்ட், ஆகவே ஒன்றரைச் சம்பளம் என்கிறது பேச்சு. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம் என்கிறது சட்டம். ஆறு நாளும் எட்டு மணி நேரம் முடித்தவருக்குக் கூடுதலான அந்த நான்கு மணி நேரம் எட்டு மணி நேரச் சம்பளத்துக்குச் சமம். அவருக்கு வர வேண்டியது இரண்டு ஷிப்ட் கூலி. அரை ஷிப்ட் கூலி அந்தப் பேச்சிலேயே காணாமல் போகிறது. வாடகை, வட்டி, பிள்ளைகளின் ஃபீஸ் என்று கழுத்தை நெரிக்கும்போது ஒருவர் தன் சாப்பாட்டு நேரத்தை விற்கிறார் என்றால், அவருக்கு நிதானமான சாப்பாட்டில் ஆசை இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு ஷிப்ட் கூலி குடும்பத்துக்குப் போதவில்லை என்றுதான் அர்த்தம். வயிறார, மனமார வாழ்வது வசதியுள்ளவர்களின் பேச்சு என்று ஏழைகளின் பெயரால் ஒதுக்குபவர்கள், ஏழைக்கு ருசியும் ஓய்வும் தேவையில்லை என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

சட்டத்தால் சாப்பாட்டு நேரத்தைக் காக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம்: வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளர்களைச் சாப்பிட விடக் கூடாது என்று பிரான்சில் விதி இருக்கிறது. அது 1894-ல் தொடங்கியது. தூசும் ஈயமும் பறக்கும் பட்டறையில் சோற்றோடு நஞ்சும் உள்ளே போகக் கூடாது என்பதுதான் நோக்கம். இன்றுவரை அலுவலக மேசைக்கும் அது பொருந்துகிறது. கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில், தற்காலிகமாக அதைத் தளர்த்தியது அங்கே பெரிய செய்தியானது. அந்த நாட்டில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சாப்பாட்டு மேசையில் போகிறது. அமெரிக்காவில் வயது வந்தவர்களில் பத்துக்கு நால்வர் உடல் பருமன் உள்ளவர்கள். பிரான்சில் ஆறுக்கு ஒருவர். பிரெஞ்சுக்காரர்கள் பிறவியிலேயே மனக்கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுந்து போய் உட்கார்ந்து சாப்பிடு என்று அங்கே சட்டமும் பழக்கமும் சேர்ந்து சொல்கின்றன. நம் ஆட்களுக்கு நேரம் கொடுத்தால் போனைப் பார்த்துத்தான் வீணாக்குவார்கள் என்று சொல்பவர்களுக்கும் இதையே பதிலாகச் சொல்லலாம்: பழக்கத்துக்கு முன்னால் இடமும் நேரமும் வர வேண்டும்.

எல்லா மறுப்புகளிலும் கனமானது பெண்களிடமிருந்து வருவது. ஆற அமரச் சாப்பிட்ட அந்தக் காலம் என்று ஏங்குகிறீர்களே, அந்தக் காலத்தில் பரிமாறிக்கொண்டு நின்றது யார்? குழம்பு, ரசம், மோர் என்ற வரிசையின் இன்பம் இலைக்கு முன்னால் இருந்தவருக்கு; அடுப்புக்கு முன்னால் நின்றவர் எல்லோரும் எழுந்த பிறகு, ஆறிப்போனதை, பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டார். இதை மறைத்துவிட்டுச் சமநிலை பேசுவது நேர்மையாகாது. இன்றும் நிலைமை அதிகம் மாறவில்லை. 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஒருபக்கம், ஒன்றரை மணி நேரம் மறுபக்கம். பனியன் கம்பெனிக்கு எட்டரை மணிக்குப் போக வேண்டிய பெண் ஐந்து மணிக்கு எழுந்து நான்கு பாக்ஸ் கட்டுகிறார். தன் காலைச் சாப்பாட்டை நின்றுகொண்டே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கிறார். அவருடைய மதிய இடைவேளையைக் கால் மணி நேரம் நீட்டினால் மட்டும் அவர் வாழ்க்கையில் சமநிலை வந்துவிடாது.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதன் மறுபாதியைக் காட்டுகிறது. வீட்டுக்குள் ஓடும் நேரத்தையும் கணக்கில் எடு என்கிறது. அதற்கு முதல் வழி, ஆண்கள் அடுக்களைக்குள் போவது. 88 என்ற எண் ஏறாமல் 289 இறங்காது. இரண்டாவது வழி, சமையலின் ஒரு பகுதியைப் பொதுவில் ஏற்பது. இதில் தமிழ்நாட்டுக்கு வழிகாட்ட யாரும் தேவையில்லை. பிட்டி.தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி 1920-லேயே பள்ளியில் சாப்பாடு போடத் தொடங்கியது. காமராஜர் அதை மாநிலத்துக்குக் கொண்டுபோனார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது; அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. குழந்தைகளின் பசியைப் போக்கும் திட்டமாகவே இதைப் பேசுகிறோம், அதுவே முதன்மை. ஆனால் சூடான பொங்கலும் காய்கறிச் சாம்பாரும் பள்ளியிலேயே காத்திருக்கும் காலையில், ஒரு தாய்க்கு அரை மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். தொழிற்சாலை கேன்டீனையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது பழைய சட்டம். புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்திருக்கிறது. நல்ல கேன்டீன் என்றால் காலை ஐந்து மணிக்குக் கட்ட வேண்டிய ஒரு பாக்ஸ் குறையும், கலந்த சாதத்தின் இடத்துக்குக் கீரையும் கூட்டும் ரசமும் திரும்பி வரும்.

அந்தப் புதிய சட்டத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று அது எழுதியிருக்கிறது. ஆனால் இடைவேளை எவ்வளவு என்று சட்டத்தின் உடம்பிலேயே 1948 முதல் இருந்த அந்த அரை மணி நேரம் இப்போது அங்கே இல்லை. அதை அரசு அறிவிக்கையில் சொல்லும் என்று விட்டிருக்கிறது. அறிவிக்கையில் இருப்பதை இன்னொரு அறிவிக்கையால் மாற்றலாம். சட்டமன்றத்தில் விவாதம் வேண்டியதில்லை, மே தினத்தன்று திரும்பப் பெறவும் வேண்டியதில்லை. இந்த இடத்தில் தமிழ்நாடு அரசு நல்லதையும் எழுதலாம். முக்கால் மணி நேரம் என்று எழுதலாம். எத்தனை பேருக்கு ஒரு குழாய், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று அதோடு சேர்த்து எழுதாவிட்டால் முக்கால் மணி நேரமும் வரிசையிலேயே போய்விடும்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் உரிமை என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, 2018-ல் கேரளம் முதலில் கொண்டுவந்த உரிமை அது. ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் எழுதலாம் என்றால், சாப்பிட ஒரு மேசை போட வேண்டும் என்றும் எழுதலாம். இந்தக் கணக்கில் எங்கேயும் வராதவர் உணவு டெலிவரி செய்பவர். ஊர் முழுக்கச் சாப்பிடும் நேரம்தான் அவருக்கு ஆர்டர் குவியும் நேரம். 12 மணி முதல் 3 மணிவரை முதுகில் மற்றவர்களின் சூடான சோற்றைச் சுமந்துகொண்டு ஓடுகிறார். அந்த நேரத்தில் ஆப்பை அணைத்தால் ஊக்கத்தொகை போய்விடும். சென்னை மாநகராட்சி 2025-ல் இவர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை கட்டித் திறந்தது. நல்ல செயல், பாராட்ட வேண்டியது. ஆனால் அந்த அறையில் வந்து உட்கார அவருக்கு அரை மணி நேரம் வேண்டும். 12-க்கும் 3-க்கும் இடையில் அவர் கேட்கும் அரை மணி நேரம் ஆப்பில் ஆர்டர் வராது, ஊக்கத்தொகையும் குறையாது என்று ஒரு விதி எழுத வேண்டும். அதை நிறுவனம் செய்ய வைக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. நான்கு மணிக்கு வண்டியைச் சாய்த்து நிறுத்தி, சீட்டின் மேல் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கையில் போனைப் பிடித்தபடி அவர் சாப்பிடுவதைத் தெருவில் போகும் எல்லோரும் தினமும் பார்க்கிறோம்.